நோஞ்சான் எப்போது நடிகனானான்

அஞ்சுகத்துக்கு அந்த அநியாயம் நடந்தது காலைக் கஞ்சிப் பந்தியில், எல்லோர் கண்ணெதிரிலும்.

ஆசிரமத்தார் ஓடைக்குக் குறுக்கே தடுப்பணை கட்டிக்கொண்டிருந்தார்கள். விடிந்ததும் எல்லோரும் கல் சுமக்க வேண்டும். அன்று அவள் மாதவிலக்கு வலியில் சுருண்டு படுத்துவிட்டாள்.

வேலையை மேற்பார்த்தவர் கேப்டன் தணிகாசலம். ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர்; தாமும் கல் சுமப்பவர். பந்தி நடுவில் நின்று சொன்னார்: "இதற்கு இங்கிலீஷில் மாலிங்கரிங் என்று பெயர். வேலைக்குப் பயந்து நோய் வந்த மாதிரி நடிப்பது."

மாலைப் பிரார்த்தனையில் அவள் மன்னிப்புக் கேட்க வேண்டும். இல்லையென்றால் ஊருக்கு பஸ் ஏற வேண்டும். வீட்டோடு சண்டை போட்டுக்கொண்டு வந்தவள் அவள். திரும்பிப் போனால் இன்னொரு முறை வெளியே விடமாட்டார்கள்.

நேரே குருவிடம் போனாள். குருவுக்குக் கேப்டனின் மகள் வயதுதான் இருக்கும். கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"நான் மன்னிப்புக் கேட்க மாட்டேன், அம்மா."

"கேள் என்று நான் சொன்னேனா? உட்கார். அது என்ன சொல்?"

மொழியியல் படித்தவளுக்கு அது போதும்.

"அது பிரெஞ்சிலிருந்து வந்தது. அங்கே அதற்கு நோஞ்சான் என்றுதான் அர்த்தம். உடம்புக்கு முடியாதவன், அவ்வளவுதான். ஆங்கிலேயப் பட்டாளத்துக்குள் வந்ததும் அதுவே பாசாங்குக்காரனைக் குறிக்க ஆரம்பித்துவிட்டது."

"நடுவில் நோஞ்சானுக்கு உடம்பு சரியாகிவிட்டதோ?"

"இல்லை. நடுவில் அதிகாரி வந்துவிட்டார்."

குரு சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

"வலி நிஜம்தான் என்று நான் எப்படி நிரூபிப்பது? அதைச் சொல்லுங்கள்."

குரு ஒரு கட்டுக் கீரையை அவள் பக்கம் தள்ளினார்.

மாலையில் அவள் பையைக் கட்டி எடுத்துக்கொண்டே கூடத்துக்கு வந்தாள்.

"மன்னிப்பு?" என்றார் கேப்டன்.

"மாட்டேன்."

குரு கூட்டத்தைப் பார்த்தார். "இன்று வலியோடு கல் சுமந்துவிட்டு, வலியே இல்லாததுபோல் காட்டிக்கொண்டவர்கள் எழுந்து நில்லுங்கள்."

முதலில் சமையல்கட்டு வேலம்மாள் தரையில் கையூன்றி எழுந்தார். "முழங்கால், அம்மா."

"எனக்குக் கடைவாய்ப் பல்" என்றான் ஒருவன்.

"இவளுக்கு வந்த அதே வலிதான் எனக்கும்" என்றாள் கடைசி வரிசையில் ஒருத்தி.

பாதிக் கூடம் எழுந்துவிட்டது. தூணோரம் உட்கார்ந்திருந்த கேப்டன் எழவில்லை. தூணைப் பிடிக்காமல் அவரால் எழ முடியாது என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும்.

"நீங்கள்?" என்றார் குரு.

"பழைய இடுப்பு வலி. அதைச் சொல்லிக்கொண்டா திரிவார்கள்?"

"அப்படியானால் நீங்களும் இவர்களும் நடித்திருக்கிறீர்கள். உங்கள் இங்கிலீஷில் இதற்கு என்ன பெயர்?"

கேப்டன் யோசித்தார். "எனக்குத் தெரிந்து பெயர் எதுவும் இல்லை. பட்டாளத்தில் இதற்கு மெடல்தான் கொடுப்போம்."

"மெடல் கொடுத்தவர்தானே எனக்குப் பெயரும் வைத்தார்" என்றாள் அஞ்சுகம்.

கேப்டனுக்கு முகம் சிவந்தது. குருவிடம் திரும்பினார்.

"சரி அம்மா. நாளைக்கு இன்னும் நாலு பேர் படுத்துக்கொள்வார்கள். எது நிஜம், எது நடிப்பு என்று நான் எப்படிக் கண்டுபிடிப்பது?"

"நாளைக்கு நீங்கள் கல் சுமக்க வேண்டாம், கேப்டன். இடுப்பு வலிக்கிறது என்று சொல்லிவிட்டுப் படுத்திருங்கள். நிஜமா, நடிப்பா என்று அஞ்சுகம் வந்து பார்த்துச் சொல்வாள்."