இம்ப்ளோர் எப்படி இருக்கும்?

"டீச்சர், என் இங்கிலீஷ்ல என்ன குறை?" என்று கேட்டார் ஆவுடையப்பன்.

ரோஸ்லின் டீச்சர் கோர்ட் வாசலில் மனு எழுதுகிறவர். ஆவுடையப்பன் ரிட்டையர் ஆன குமாஸ்தா. வயதில் டீச்சருக்கு மூத்தவர், தொழிலில் சீடர். டிக்ஷனரியைத் தலைமாட்டில் வைத்துத் தூங்குகிற ஆசாமி.

"யாருக்கு எழுதுனீங்க அண்ணாச்சி?"

"உப்பளத்து முத்துப்பேச்சிக்கு. அவங்க கிணத்துக்குப் போற பாதையில கம்பெனிக்காரன் கேட்டைப் போட்டுப் பூட்டிட்டான். மேனேஜருக்குத் தமிழ் தெரியாதாம். முதல் மனுவுல 'ரிக்வெஸ்ட்'னு போட்டேன். பதில் இல்லை. அடுத்ததுல 'பெக்'. அதுக்கும் இல்லை. இப்ப 'இம்ப்ளோர்' போட்டிருக்கேன்."

"மூணுக்கும் என்ன அர்த்தம்?"

"கேக்கிறதுதான். ஆனா கேக்கிறதுல இதுக்கு மேல கனமான வார்த்தை டிக்ஷனரியிலயே கிடையாது!"

சொல்லும்போது அவருக்குப் பெருமை தாங்கவில்லை.

"ரிக்வெஸ்ட் எப்படி நிக்கும்?"

"என்ன டீச்சர்?"

"நின்னு காட்டுங்க."

ஆவுடையப்பன் கை கூப்பி நின்றார்.

"பெக்?"

முதுகை வளைத்துக் கையேந்தினார். டீக்கடையில் இருந்தவர்கள் கிளாசும் கையுமாகத் திரும்பிப் பார்த்தார்கள்.

"இப்ப இம்ப்ளோர்."

ஆவுடையப்பன் தன் வெள்ளை வேட்டியைப் பார்த்தார். புழுதியைப் பார்த்தார். டீச்சர் முகத்தில் சிரிப்பே இல்லை.

வேறு வழியில்லாமல் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்.

"அப்படியே கிடங்க."

அந்த நேரம் பார்த்து முத்துப்பேச்சி வந்து சேர்ந்தாள், இடுப்பில் காலிக் குடத்தோடு.

"ஐயோ, அண்ணாச்சிக்கு என்ன ஆச்சு? மயக்கமா?"

"மயக்கம் இல்லை. இது உன் மனு," என்றார் டீச்சர். "மேனேஜர் ரூமுக்குள்ள இப்படித்தான் போகப் போகுது."

"அப்ப இங்க கிடக்கிறது யாரு? நானா?"

"நீதான்."

முத்துப்பேச்சி குடத்தை ணங்கென்று கீழே வைத்தாள்.

"எந்திரிங்க அண்ணாச்சி."

உப்பு வாரிப் பழகிய கை. ஒரே இழுப்பில் மனிதரை நிற்க வைத்துவிட்டது.

"அது எங்கப்பா வெட்டுன கிணறு. சுத்தி எங்க தோண்டினாலும் உப்புத் தண்ணி. அது ஒண்ணுதான் இளநி மாதிரி இருக்கும். அந்தக் கம்பெனிக்குச் சுவர் கட்ட வந்தவங்களுக்கே குடிக்கத் தண்ணி குடுத்தது நாங்கதான். எங்க கிணத்துக்குப் போக நான் எவன் கால்ல விழணும்? பூட்டைத் தொறக்கச் சொல்லுங்க. அவ்வளவுதான்."

ஆவுடையப்பன் அவள் நிற்பதையே பார்த்துக்கொண்டிருந்தார். வெட்கமாக இருந்தது. அதைவிட, இவளுக்கு மனு எழுதக் கொடுத்து வைத்திருக்கிறோமே என்று பெருமையாக இருந்தது.

"இதுக்கும் ஒரு வார்த்தை இருக்கு டீச்சர். டிமாண்ட். எனக்குத் தெரியும். ஆனா சர்வீஸ் முழுக்க ஒரு தடவைகூட எழுதினதில்லை."

டீச்சர் பேனாவை நீட்டினார்.

"உக்காந்துக்கிறேன் டீச்சர்."

"நின்னே எழுதுங்க."

எழுதினார். பழைய மனு இரண்டு பக்கம். இது சில வரிகளில் முடிந்தது.

"அடியில, தங்கள் கீழ்ப்படிந்த..." என்று பழக்கதோஷத்தில் ஆரம்பித்து நாக்கைக் கடித்துக்கொண்டார். "என்னம்மா போடட்டும்?"

முத்துப்பேச்சி குடத்தை எடுத்து மறுபடி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"முத்துப்பேச்சி, கிணத்துக்காரின்னு போடுங்க. நானே கொண்டு போய்க் குடுக்கேன்."