ஐந்தடிக் கட்டில்

மாசிலாமணிக்கு வயது ஐம்பத்தெட்டு. அவருடைய குரு தேவகிருபைக்கு முப்பத்தாறு. பஸ் டெப்போவில் முப்பது வருடம் ஸ்பானர் பிடித்தவர், புறநகரில் அவள் நடத்திய சிறிய ஆபீசில் வீட்டு பிளான் வரையக் கற்றுக்கொள்ள வந்தார்.

மூன்று வருடம் ஆயிற்று. ஒவ்வொரு பிளானின் மூலையிலும் ‘வரைந்தவர்’ என்று ஒரு சின்னக் கட்டம் இருக்கும். அதில் அவர் பெயர் இன்னும் ஏறவில்லை. டெப்போவில் அவர் பிரித்துப் பூட்டிய எஞ்சின்கள் ஊரெல்லாம் ஓடின. திறப்பு விழாக் கல்லில் பெயர் பொறித்துக்கொண்டவர்களோ ஒரு போல்ட்டைக்கூட முறுக்கியதில்லை. இந்தக் கட்டமாவது தனக்குக் கிடைக்கவேண்டும் என்று அவருக்கு ஆசை.

அன்று லாரி டிரைவர் சங்கரலிங்கமும் மனைவி நாகவல்லியும் வந்தார்கள். கால் கிரவுண்டு மனையில் வீடு கட்டப்போகிறவர்கள். மாசிலாமணி வரைந்த பிளானைப் பார்த்ததும் நாகவல்லிக்கு வாயெல்லாம் பல்.

“கட்டில், பீரோ எல்லாம் போட்டும் இவ்ளோ இடம் மிஞ்சுதே! நாளைக்கே நகராட்சியில குடுத்துடலாம்.”

மாசிலாமணி குருவிடம் திரும்பினார். “மேடம், இதுலயாவது என் பேரை எழுதலாமா? எப்பதான் நான் அதுக்குத் தகுதியாவேன்?”

தேவகிருபை பிளானை ஒருமுறை பார்த்தாள். சுண்ணாம்புப் பொடியையும் டேப்பையும் எடுத்துக்கொண்டு பக்கத்துக் காலி மனைக்கு நடந்தாள். மூவரும் பின்னால் போனார்கள்.

“அண்ணே, அந்தப் படுக்கையறையை இங்க தரையில கோடு போட்டுக் காட்டுங்க. பிளான்ல இருக்கிற அளவு. ஒரு அங்குலம் கூடக் கூடாது, குறையவும் கூடாது.”

மாசிலாமணி உற்சாகமாகத்தான் தொடங்கினார். சுவர்கள் வந்தன. கதவு வந்தது. பீரோ வந்தது. கட்டிலுக்கு வந்தபோது கை தயங்கியது. இருந்தாலும் போட்டார். ஐந்தடி நீளம்.

“சங்கரலிங்கம் சார், படுங்க,” என்றாள் தேவகிருபை.

ஆறடி மனிதர் துண்டை விரித்துப் படுத்தார். தலை சுவரை ஒட்டியது. கால்கள் கட்டிலைத் தாண்டிப் போய்க் கதவை மறித்தன.

“காலை மடக்குங்க, நான் உள்ள வரணும்ல!” என்றாள் நாகவல்லி.

“மடக்கித்தான் பதினஞ்சு வருஷமா லாரியில தூங்குறேன். சொந்த வீட்டுலயுமா?”

தெருவில் போனவர்கள் நின்று சிரித்தார்கள். படுத்திருந்தவரும் சிரித்தார். மாசிலாமணிக்கு மட்டும் முகம் சுண்டிவிட்டது.

“எல்லாரும் இப்படித்தான் போடுறாங்க மேடம். கட்டிலைக் குறைச்சா ரூம் பெருசாத் தெரியும். நகராட்சியில யாரும் கட்டிலை அளக்கமாட்டாங்க.”

அது உண்மை. நகராட்சி சுவரை அளக்கும், சுற்றி விட்ட இடத்தை அளக்கும், மாடிப்படியை அளக்கும். படுக்கிற மனிதனை அளந்ததில்லை.

“அவங்க அளக்கமாட்டாங்க,” என்றாள் தேவகிருபை.

மாசிலாமணி குனிந்து கட்டில் கோட்டைக் காலால் அழித்தார். ஆறரை அடிக்குப் போட்டார். கதவைப் பக்கத்துச் சுவருக்கு மாற்றினார். பீரோவுக்கு இடமில்லாமல் போயிற்று.

“பீரோ ஹால்ல நிக்கட்டும். அதுக்குத் தூக்கம் வேண்டாம்,” என்றாள் நாகவல்லி.

சங்கரலிங்கம் மறுபடி படுத்து, காலை நீட்டி, குறட்டை விட்டுக் காட்டினார்.

ஆபீசுக்குத் திரும்பிப் பிளானைத் திருத்தி முடித்ததும் தேவகிருபை பேனாவை நீட்டினாள். மாசிலாமணி வாங்கவில்லை.

“தப்பு பண்ணின கை மேடம். என் பேர் வேண்டாம்.”

“எழுதுங்கண்ணே. நாளைக்கு சங்கரலிங்கம் சார் கால் இடிச்சா, யார் வீட்டுக் கதவைத் தட்டணும்னு தெரிய வேண்டாமா?”