சுவரில் மாட்டிய முகங்கள்

“டீச்சர், இன்னும் என்ன அலங்காரம் பண்ணினா ஆள் உள்ள வரும்?”

செல்லக்கனி இதைக் கேட்டபோது ஜெசிந்தாவால் பதில் சொல்ல முடியவில்லை. அவள் பல்லில் நூல் இருந்தது. ஒரு கல்லூரிப் பெண்ணின் புருவத்தைத் திருத்திக்கொண்டிருந்தாள்.

செல்லக்கனி காத்திருந்தாள்.

செல்லக்கனிக்கு நாற்பத்தாறு வயது. ஜெசிந்தாவுக்கு முப்பத்து மூன்று. ஆனாலும் ஜெசிந்தாதான் குரு. தூத்துக்குடியில் பார்லர் வைத்திருக்கும் பெண்களில் பாதிப் பேர் அவளிடம்தான் நூல் பிடிக்கப் பழகினார்கள், செல்லக்கனியும் சேர்த்து. அதிகம் பேசமாட்டாள் என்று அவளுக்கு ஒரு பெயர் உண்டு. பல்லில் நூலோடு பிழைக்கிறவள் எப்படிப் பேசுவாள் என்று யாரும் யோசிப்பதில்லை.

புருவம் முடிந்தது. கல்லூரிப் பெண் போனாள்.

“என்ன ஆச்சு, அக்கா?”

“வாராவ, டீச்சர். படியேறி வாராவ. கதவத் தெறக்காவ. மணி அடிக்கி. ஒரு நிமிஷம் நிக்காவ. அப்புறம் போயிருதாவ.”

“ஏதாவது சொல்லுதாங்களா?”

“அப்புறம் வாரேன்னு சொல்லுதாவ. வரமாட்டாவ.”

ஜெசிந்தா கேட்டுக்கொண்டிருந்தாள்.

“சுவருக்கு ரோஸ் கலர் அடிச்சேன். மீன் தொட்டி வச்சேன். மல்லிகை வாசம் வர்ற மிஷின் வச்சேன். ஏசி போட்டேன். மெத்தை வச்ச சோபா வாங்கினேன். இனி என்ன செய்ய?”

“உங்களுக்கு என்ன தோணுது?”

“பயமா இருக்கு.”

அவள் அதை மறைக்காமல் சொன்னாள். கணவன் இல்லை. பிள்ளை இல்லை. கடையை மூடினால் அண்ணன் வீட்டு அடுப்பங்கரைதான் கதி. அங்கே மதினி சொல்லும் நேரத்தில் எழுந்து, மதினி வைக்கும் சோற்றைத் தின்று, மதினி பார்க்கும் சீரியலைப் பார்த்துக் காலம் தள்ள வேண்டும். கதவு மணி அடித்து ஆள் திரும்பிப் போகிற ஒவ்வொரு தடவையும் மதினியின் குரல் செல்லக்கனியின் காதில் கேட்டது.

“வாரவங்க எங்க நிக்காங்க?” என்று ஜெசிந்தா கேட்டாள்.

“கதவுகிட்ட.”

“நீங்க அங்க நின்னு பாத்திருக்கீங்களா?”

“நான் எதுக்கு டீச்சர் அங்க நிக்கணும்? அது என் கடை.”

ஜெசிந்தா அடுத்த நூலை எடுத்துப் பல்லில் வைத்துக்கொண்டாள்.

*

மறுநாள் காலை ஜெசிந்தா செல்லக்கனியின் கடைக்கு வந்தாள்.

மருந்துக்கடைக்கு மேலே, முதல் மாடியில் இருந்தது கடை. அவள் படியேறி வந்தாள். கதவைத் திறந்தாள். மணி அடித்தது. உள்ளே வராமல் வாசலிலேயே நின்றாள்.

“வாங்க டீச்சர்.”

ஜெசிந்தா அசையவில்லை.

இவளும் அப்புறம் வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போய்விடுவாளோ என்று செல்லக்கனி நினைத்தாள்.

கடையைச் சும்மா சொல்லக் கூடாது. கல்யாண மண்டபம் தோற்றது. ஆனால் ஜெசிந்தா மீனைப் பார்க்கவில்லை, சோபாவைப் பார்க்கவில்லை. அவள் கண் எதிர்ச்சுவரில் நின்றுவிட்டது.

அந்தச் சுவர்தான் செல்லக்கனியின் பெருமை. முப்பத்தொரு ஜோடிப் படங்கள். இடது பக்கம் வந்தபோது இருந்த முகம், வலது பக்கம் போனபோது இருந்த முகம். மேலே ‘முன்’, ‘பின்’ என்று தங்க நிற எழுத்து. சுற்றிலும் பிளாஸ்டிக் பூச்சரம். ஒவ்வொரு ஜோடிக்கும் கீழே ஒரு சீட்டு. பரு. கருவளையம். மீசை முடி. மங்கு. நரை.

“இது யோசிச்சு யோசிச்சு செஞ்சது, டீச்சர். நம்ம கைவேலை பேசணும்லா.”

“இவங்க யாரு?”

“எல்லாம் நம்ம ஆளுங்கதான். பேர் போடல பாத்தீங்களா? அந்த விவரம் எனக்கு இருக்கு.”

ஜெசிந்தா உள்ளே வந்தாள்.

“முகத்தக் கழுவிட்டு வாங்க, அக்கா.”

“எதுக்கு?”

“கழுவுங்க.”

செல்லக்கனி கழுவினாள். பவுடர் போனது. மை போனது. பொட்டு போனது. ஜெசிந்தா அவளை டியூப்லைட்டுக்கு நேர் கீழே நிறுத்தி, தலைமுடியை வகிட்டில் பிரித்துவிட்டாள். சாயத்துக்கு அடியில் வெள்ளை தெரிந்தது.

“சிரிக்க வேண்டாம்.”

போனில் படம் எடுத்தாள். கீழே போய்ப் பக்கத்து ஸ்டுடியோவில் பிரிண்ட் போட்டு, சட்டத்தோடு வந்தாள். சுவரில் கடைசி ஜோடிக்கு அடுத்து மாட்டினாள். அதற்கு வலது பக்கம் எதுவும் மாட்டவில்லை.

ஒரு சீட்டையும் பேனாவையும் நீட்டினாள்.

“கீழ என்னன்னு எழுதுங்க.”

செல்லக்கனி பேனாவைப் பிடித்தபடி நின்றாள். ஊரார் முகத்துக்கெல்லாம் அரை நிமிடத்தில் எழுதியவள். இப்போது கை ஓடவில்லை. கடைசியில் நரை, கருவளையம், தாடைத் தொங்கல் என்று எழுதினாள். எழுதி முடித்ததும் அழுகை வந்துவிட்டது.

“நாளைக்குச் சாயங்காலம் ஆறு மணி வரைக்கும் இருக்கட்டும். நானே வந்து எடுப்பேன்.”

“டீச்சர், நான் அலங்காரம்தான் கேட்டேன்.”

ஜெசிந்தா படியிறங்கிப் போய்விட்டாள்.

*

மறுநாள் விடிந்ததும் பயமும் சேர்ந்து விடிந்தது.

படியில் காலடிச் சத்தம் கேட்டது. செல்லக்கனி ஓடிப்போய்ப் படத்தை முதுகால் மறைத்துக்கொண்டு நின்றாள். தண்ணீர் கேன் போடுகிறவர். கேனை வைத்தார், அவளை ஒரு மாதிரி பார்த்தார், போனார்.

மறுபடியும் காலடி. மறுபடியும் முதுகு. கூரியர்.

பதினொரு மணிக்கு மதினியின் தங்கை வந்தாள். சும்மா இந்தப் பக்கம் வந்தேன் என்றாள். சும்மா வருகிற ஆளில்லை அவள். வாசலில் நின்றே சுவரை எட்டிப் பார்த்தாள்.

“யக்கா, நீங்களா அது? அடையாளமே தெரியல.”

இன்னும் அரை மணி நேரத்தில் இது அண்ணன் வீட்டுக்குப் போய்விடும், இரண்டு நாள் அங்கே சிரிப்பார்கள். வந்தவள் போன பிறகு செல்லக்கனி சோபாவில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டாள். படத்தைக் கழற்றி எறிந்துவிடலாம் என்று எழுந்தாள். ஜெசிந்தாவை நினைத்து உட்கார்ந்தாள். அப்புறம் மறுபடியும் எழுந்தாள்.

மத்தியானத்துக்கு மேல் மணி அடித்தது. அவள் கை அப்போது சட்டத்தின் மேல் இருந்தது.

வாசலில் ஒரு பெண் நின்றாள். இருபத்தைந்து வயதிருக்கும். முந்தானையை இழுத்துத் தலையிலும் கன்னத்திலும் போட்டிருந்தாள். செல்லக்கனிக்கு அவளைத் தெரியும். இசக்கியம்மாள். கொழுந்தனார் கல்யாணத்துக்கு என்று நாலு மாதத்துக்கு முன்னால் மேக்கப் போட வந்தவள். இந்த வாரத்தில் மட்டும் இரண்டு தடவை கதவைத் திறந்துவிட்டுத் திரும்பிப் போயிருந்தாள்.

“வாம்மா” என்று செல்லக்கனி வாயெடுத்தாள். வழக்கமாக அதோடு இன்னொரு வரியும் வரும். என்னம்மா முகம் இப்படிக் கறுத்துப் போச்சு, ஒரு ஃபேஷியல் போட்ருவோமா என்று. எல்லாப் பார்லரிலும் சொல்வதுதான். இன்றைக்கு அது வரவில்லை.

இசக்கியம்மாள் சுவரைப் பார்த்தாள். பிறகு செல்லக்கனியின் முதுகுக்குப் பின்னால் பாதி தெரிந்த படத்தைப் பார்த்தாள்.

“இது நீங்களாக்கா?”

“ஆமா.”

“எதுக்கு மாட்டிருக்கீங்க?”

“தெரியலம்மா. காலையிலேர்ந்து பயந்துக்கிட்டே இருக்கேன். யாரு வந்து என்ன பாத்துட்டுப் போவாங்களோன்னு.”

இசக்கியம்மாள் வாசலைத் தாண்டி உள்ளே வந்தாள்.

“எனக்கும் அதான்க்கா.”

“உனக்கென்ன?”

அவள் விரலை நீட்டாமல் தாடையால் காட்டினாள். இரண்டாவது வரிசை, நாலாவது ஜோடி. மங்கு என்று சீட்டு.

“அத எடுத்துருவீங்களா? அடுத்த வாரம் எங்க நாத்தனா இங்கதான் வாரா. அவளுக்கு நிச்சயம். அவ இதப் பாத்தா வீட்ல சொல்லுவா. வீட்டு விஷயத்தக் கடையில போய்க் காட்டுனியான்னு அவுக என்ன…”



செல்லக்கனி அந்தப் படத்தின் அருகே போனாள். நாலு மாதமாகத் தினமும் துணியால் துடைத்த படம். இடது கன்னத்தில் கறுப்பு. மங்கு என்றால் பரவலாகப் படரும். இது அப்படிப் படரவில்லை. பக்கத்துப் பக்கத்தில் நாலு கோடுகள். ஒவ்வொன்றும் ஒரு விரல் அகலம்.

அவள் தன் நாலு விரல்களைக் கோடுகளுக்கு நேரே பிடித்துப் பார்த்தாள்.

இந்தக் கன்னத்தை அவள் கையால் தொட்டிருக்கிறாள். பூச்சுக்கு மேல் பூச்சாக மூன்று தடவை வைத்து மறைத்திருக்கிறாள். என்னம்மா இவ்வளவு மங்கு என்று கேட்டிருக்கிறாள். ஆமாக்கா, வெயில் என்று அந்தப் பெண் சொன்னபோது தலையாட்டியிருக்கிறாள். பிறகு போனை எடுத்து, நல்லா வந்திருக்கு, ஒரு படம் எடுத்துக்கவா என்று சிரித்திருக்கிறாள்.

“அன்னைக்கே வேண்டாம்னு சொல்லியிருக்கலாமேம்மா.”

“சொன்னா ஏன்னு கேப்பீங்களேக்கா.”

செல்லக்கனி இரண்டு படங்களையும் கழற்றினாள். சட்டத்தைப் பிரித்து, படங்களை எடுத்து அவள் கையில் கொடுத்தாள். இசக்கியம்மாள் அவற்றை அங்கேயே சின்னச் சின்னதாகக் கிழித்தாள். பின் என்று இருந்ததையும் கிழித்தாள்.

“போன்ல?”

செல்லக்கனி போனைத் திறந்தாள். அவள் பார்க்கப் பார்க்கத் தேடி அழித்தாள். அழித்த இடத்தையும் காட்டினாள். இசக்கியம்மாள் போனை வாங்கி, தானே ஒரு தடவை மேலும் கீழும் தள்ளிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

வேலை முடிந்தது. அவள் போயிருக்கலாம். கதவு வரைக்கும் போனாள். கைப்பிடியைப் பிடித்தாள். திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

முந்தானையை இறக்கினாள்.

இந்தத் தடவை வலது பக்கம். கண்ணுக்குக் கீழே. இன்னும் சிவப்பு மாறவில்லை.

கண்ணாடியில் அந்த முகமும் பக்கத்தில் தன் முகமும் தெரிந்தன. செல்லக்கனி நாற்காலியைத் திருப்பிக் கண்ணாடிக்கு முதுகு காட்ட வைத்தாள்.

“மறைக்கணுமா? இல்ல, மொதல்ல ஐஸ் வைக்கவா?”

இசக்கியம்மாள் ரொம்ப நேரம் யோசித்தாள்.

“இன்னைக்கு மறைக்க வேண்டாம்க்கா.”

“என்ன நடந்துச்சுன்னு கேக்கலாமா?”

“கேளுங்க.”

செல்லக்கனி கதவைத் தாழ்போட்டாள். ஜன்னலுக்குத் திரை இழுத்தாள். வாசம் போடுகிற மிஷின் உறுமிக்கொண்டிருந்தது. அதன் வயரைப் பிடுங்கினாள். பிறகு மிச்சம் முப்பது ஜோடியையும், தன் படத்தையும், ஒவ்வொன்றாகச் சத்தமில்லாமல் கழற்றித் தரையில் கவிழ்த்து வைத்தாள். ஆறு மணி வரைக்கும் என்று குரு சொன்னது ஞாபகம் வந்தது. வந்தாலும் கை நிற்கவில்லை.

ஐஸை எடுத்துத் துணியில் சுற்றினாள்.

*

ஆறு மணிக்கு ஜெசிந்தா படியேறி வந்தாள். கதவு திறக்கவில்லை. தட்டினாள்.

“யாரு?”

“நான்தான் அக்கா. படத்த எடுக்க வந்தேன்.”

செல்லக்கனி குருவுக்கு எதிராக ஒரு வார்த்தை பேசியவள் இல்லை. கதவைத் திறக்காமலே சொன்னாள்.

“உள்ள ஆள் இருக்கு, டீச்சர்.”

“நான் மட்டும் வரட்டா?”

“முடியாது, டீச்சர். யாரும் வரக் கூடாது.”

ஜெசிந்தா கதவிலிருந்து கையை எடுத்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு மேல்படியில் உட்கார்ந்துகொண்டாள்.

கொஞ்ச நேரத்தில் கீழேயிருந்து ஒரு அம்மாள் ஏறி வந்தாள். ஜெசிந்தாவைப் பார்த்து நின்றாள்.

“கடை உண்டா?”

“உண்டு. உள்ள ஆள் இருக்கு.”

அந்த அம்மாள் மூடிய கதவைப் பார்த்தாள். தாவாங்கட்டையைக் கையால் மறைத்துக்கொண்டே பேசினாள்.

“நான் போன மாசம் ஒரு தடவ வந்து, அந்தச் சுவத்தப் பாத்துட்டு வாசலோட திரும்பிட்டேன். இப்ப உள்ள எப்படி இருக்கு?”

“தெரியாதும்மா. என்னையே விடல.”

அந்த அம்மாள் தன் முறைக்காக ஒரு படி கீழே உட்கார்ந்தாள்.