வெற்றிலைச் சபையும் ஆப்பக்காரியும்

செம்மதில்பட்டணத்தை ஆண்டவர் சூரகேசரி மகாராஜா. பேரில்தான் கேசரி என்ற சிங்கம். மற்றபடி நல்ல மனுஷன், கொஞ்சம் சோம்பேறி. ஊர்க் காரியங்களுக்குச் சட்டம் போட ஒரு நகரசபையை வைத்திருந்தார்.

அந்தச் சபைக்கு ஒரு வழக்கம் உண்டு. உள்ளே நுழைந்ததும் ஆளுக்கொரு வெற்றிலைத் தட்டு வரும். கும்பகோணத்துக் கொழுந்து, வாசனைச் சுண்ணாம்பு, சீவல். எல்லாரும் வாய் நிறையப் போட்டுக்கொண்ட பிறகுதான் எழுத்தர் சட்டத்தை வாசிப்பார். வாசித்து முடித்து, "ஆட்சேபம் உண்டா?" என்று கேட்பார். வாயைத் திறந்தால் சாறு வேட்டியில் வடியும். யார் திறப்பார்கள்? பதில் இல்லையென்றால் சம்மதம். சட்டம் நிறைவேறிவிடும். அரண்மனைக்குக் கொண்டுபோனால் மகாராஜாவும் அதே நிலைமையில்தான் இருப்பார். "ம்" என்பார். முத்திரை விழும்.

சபைத் தலைவர் தாண்டவராயர் இந்த வழக்கத்தின் அருமையை நன்றாக அறிந்தவர். அவருடைய மைத்துனர் மேலவீதியில் ஒரு சாப்பாட்டு விடுதி திறந்தார். ஈ ஓட்டினார். காரணம், எதிரே வெள்ளையம்மா சுட்ட ஆப்பம். புருஷனை இழந்து, அந்த ஓர் அடுப்பை வைத்தே பிள்ளைகளை வளர்த்தவள் அவள். அடுப்பு போனால் அவளுக்கு வேறு கதி கிடையாது.

தாண்டவராயர் சட்டம் கொண்டுவந்தார். 'கோட்டை மதிலுக்குள் அடுப்புப் புகை எழக் கூடாது. எழுந்தால் அடுப்பை இடிக்க வேண்டும்.' வெள்ளையம்மா பேரைப் போட்டால் ஊர் சிரிக்கும். அதனால் எல்லாருக்கும் பொதுவாக எழுதினார். பொதுவாக எழுதிய சட்டத்தை யார் மேல் பாய்ச்சுவது என்று காவலர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

சட்டம் நிறைவேறியது. அரண்மனை "ம்" என்றது.

அரண்மனை விகடகவி சொக்கேசனுக்கு வயிறு எரிந்தது. தினமும் காலையில் வெள்ளையம்மாவின் ஆப்பத்தைத் தின்று வளர்ந்த வயிறு அது. நேரே தாண்டவராயரிடம் போய்ச் சண்டை பிடித்தான்.

"இது அநியாயம் ஐயா!"

"அப்படியா? இந்தச் சட்டத்தை அமல்படுத்த உம்மையே நியமிக்கிறேன். நாளை பொழுது சாய்வதற்குள் முடிக்காவிட்டால் உமது பதவி போய்விடும்" என்று தாண்டவராயர் வெற்றிலைக்கு இடையே இளித்தார்.

சொக்கேசன் கும்பிட்டான். "உத்தரவு."

மறுநாள் விடியும்போதே வெள்ளையம்மாவிடம் போனான்.

"அக்கா, அடுப்பைத் தூக்கிக்கிட்டு மதிலுக்கு வெளியே போயிரு. வாசலுக்கு அந்தாண்ட ஆப்பக்கல்லைப் போடு."

"என்ன சாமி, நீங்களுமா? உங்களை நம்பினேனே!" என்று அழுதாள்.

"மாவை மட்டும் கூடுதலா கரைச்சு வை. மிச்சத்தை நான் பாத்துக்கறேன்."

பிறகு கடப்பாரை ஆட்களோடு சபையார் தெருவுக்குப் போனான். முதல் வீடு தாண்டவராயருடையது. சமையல்கட்டில் புகை. இடி! அடுத்த வீடு. இடி! மைத்துனரின் விடுதியில் இருந்த பெரிய அடுப்பை இடிக்க மட்டும் கொஞ்சம் கூடுதல் உற்சாகம் காட்டினார்கள்.

"இது சபையார் வீடய்யா!" என்று வேலைக்காரர்கள் கத்தினார்கள்.

"மதிலுக்கு உள்ளேதானே இருக்கிறது?" என்றான் சொக்கேசன். "சட்டம் செய்தவர்களிடமிருந்து ஆரம்பிப்பதுதான் மரியாதை. ஏழைகள் தெருவுக்குச் சாயங்காலம்தான் முறை."

கடைசியாக அரண்மனை மடைப்பள்ளிக்குப் போனான். சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தது. அதை இறக்கி வைக்கச் சொல்லிவிட்டு, அடுப்பை இடித்தான்.

உச்சிவேளை. சபையாருக்குப் பசி கண்ணைக் கட்டியது. மதில் வாசலுக்கு வெளியே ஆப்ப வாசனை வந்தது. தாண்டவராயர் முதற்கொண்டு எழுத்தர் வரை வரிசையில் வந்து நின்றார்கள்.

வெள்ளையம்மா நிமிர்ந்து பார்த்தாள். "வாய் நிறைய வெத்தலையை வெச்சுக்கிட்டு ஆப்பம் கேட்டா எப்படி? துப்பிட்டு, கொப்புளிச்சிட்டு வாங்க."

சபையே துப்பியது. அகழி ஓரம் சிவந்தது.

அப்போது பல்லக்கு வந்து நின்றது. மகாராஜா பசியிலும் கோபத்திலும் சிவந்திருந்தார். அவர் வாயிலும் வெற்றிலை. சொக்கேசனைக் காட்டி, "ம்ம்! ம்ம்ம்!" என்று உறுமினார்.

சொக்கேசன் ஆட்களைப் பார்த்துத் திரும்பினான். "கேட்டீர்களா? மகாராஜா 'ம்' என்கிறார். சட்டத்துக்கு முத்திரை விழுந்த அன்றைக்கும் இதே 'ம்' தான். சம்மதம் என்றுதான் எழுதினார்கள். வாருங்கள், அந்தப்புரத்து அடுப்பு ஒன்று பாக்கி இருக்கிறது."

மகாராஜா புளிச்சென்று துப்பினார்.

"நிறுத்தடா! அந்தப்புரத்தில் கை வைத்தால் எனக்கு ராத்திரிச் சாப்பாடும் கிடையாது! யார் போட்ட சட்டம் இது?"

"இதோ வரிசையில் நிற்கிறார்களே, இவர்கள்தான். எல்லாருக்கும் வாய் காலியாக இருக்கிறது. இங்கேயே சபையைக் கூட்டலாமே?"

எழுத்தர் கேட்டார். "இந்தச் சட்டம் தொடர்வதில் ஆட்சேபம் உண்டா?"

"உண்டு! உண்டு!" என்று சபை அலறியது. எல்லாருக்கும் முந்திக்கொண்டு அலறியவர் தாண்டவராயர்.

வெள்ளையம்மா அடுப்பை மறுபடியும் மேலவீதிக்கே தூக்கிக்கொண்டு போனாள். அதற்கு முன் மகாராஜாவுக்கு முதல் ஆப்பத்தை வைத்தாள். அவர் தேங்காய்ப்பாலை விரலால் வழித்துக்கொண்டே, "என்ன பரிசு வேண்டும், கேள்" என்றார் சொக்கேசனிடம்.

"இனிமேல் சபையில் வெற்றிலைத் தட்டு வைக்கக் கூடாது, மகாராஜா."

மகாராஜா வயிறு குலுங்கச் சிரித்தார். "அட பைத்தியக்காரா! வெற்றிலை இல்லையென்றால் சபைக்கு ஒருத்தனாவது வருவானா?"

"அதைத்தான் மகாராஜா பரிசாகக் கேட்கிறேன்" என்றான் சொக்கேசன்.