சந்தைச் சுவரில் சகாயராணி

"டீச்சர், சகாயராணி முகத்துல தாரைப் பூசிட்டாங்க."

வேகமாக நடந்து வந்ததில் ஜெசிந்தாவுக்கு மூச்சு வாங்கியது.

மீன் சந்தையின் மதிலில் வரைந்திருந்த படத்தைத்தான் சொன்னாள். மீன் கூடைக்குப் பின்னால் உட்கார்ந்து வாய்விட்டுச் சிரிக்கும் பெண்; அந்தச் சந்தையிலேயே மீன் விற்கும் சகாயராணி.

படம் தமயந்தியுடையது. ஊர் ஊராகச் சுவர்களில் பெண்களை வரைந்தவள் அவள். பெண்களுக்காகத் தெருவில் நின்று சிறைக்கும் போனவள். வங்கி வேலையில் ஓய்வு பெற்ற பிறகு, தன்னைவிட வயதில் இளையவளான அவளிடம் ஜெசிந்தா ஓவியம் கற்க வந்திருந்தாள்.

அந்தச் சிரித்த முகம் மட்டும் ஜெசிந்தா தீட்டியது. அவள் வரைந்த முதல் முகம்.

"யாரு பூசினது?" என்றாள் தமயந்தி.

"அவ புருஷன்தான். ஊரே பாக்கச் சிரிக்கிறாளாம்."

ஜெசிந்தா பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்துக் காட்டினாள்.

"மண்ணெண்ணெய் வாங்கிட்டேன் டீச்சர். துடைச்சிட்டு இன்னிக்கே வரைஞ்சிடணும். முன்னைவிடப் பெருசா."

"சகாயராணி எங்க?"

ஜெசிந்தா விழித்தாள். "சந்தையில காணோம். படம் முடிஞ்ச மறுநாள்லேர்ந்து வரலியாம்."

தமயந்தி செருப்பை மாட்டிக்கொண்டாள்.

சகாயராணி வீட்டில் தனியாக இருந்தாள். புருஷன் கடலுக்குப் போயிருந்தான். அவள் உதடு வீங்கியிருந்தது.

தமயந்தி அவளருகே தரையில் உட்கார்ந்தாள்.

"சாப்பிட்டியாம்மா?"

தலையாட்டினாள். கண் நிறைந்துவிட்டது.

"வரையட்டுமான்னு உன்கிட்ட கேட்டேன். வரைஞ்சா வீட்டுல என்ன ஆகும்னு கேக்காம விட்டுட்டேன்."

"கேட்டிருந்தாலும் வரைங்கன்னுதான் சொல்லியிருப்பேன்க்கா. எனக்கு அந்தப் படம் பிடிச்சிருந்துது."

"இப்ப நாங்க என்ன செய்யட்டும்?"

சகாயராணி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

"சந்தைக்குப் போகணும்க்கா. இன்னும் போகலேன்னா என் இடத்துல வேற ஆள் உக்காந்துரும். தனியாப் போகத்தான் பயமாருக்கு."

தமயந்தி எழுந்து மூலையில் கிடந்த கூடையை எடுத்தாள்.

"வா. பொழுது சாயுற வரைக்கும் உன் பக்கத்துலயே இருக்கோம். அப்புறம் என் வீட்டுக்குப் போயிரலாம். எத்தனை நாள் வேணும்னாலும் இரு."

சகாயராணி முகம் கழுவி, புடவையை உதறிக் கட்டிக்கொண்டு வந்தாள். மூவரும் தெருவில் இறங்கினார்கள்.

ஜெசிந்தாவுக்கு மனசு கேட்கவில்லை.

"அப்போ சுவரு, டீச்சர்?"

தமயந்தி சகாயராணியின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

"அது நிக்கட்டும்க்கா. சுவருக்குப் பயம் கிடையாது."