அழித்த பிழை

கோத்தகிரி மலைப்பாதை தொடங்குவதற்குச் சற்று முன்னால் பிலோமினாவின் ஒர்க்‌ஷாப் இருந்தது. கார்களில் இருக்கும் கம்ப்யூட்டர் கோளாறுகளைக் கண்டுபிடிப்பதில் அவருக்கு அந்தப் பக்கம் நல்ல பெயர். வயது முப்பத்தாறு. அவரிடம் தொழில் கற்றுக்கொண்டிருந்த பொன்னுரங்கத்துக்கு ஐம்பத்திரண்டு.

பொன்னுரங்கம் முப்பது வருடம் லாரி இன்ஜின்களைப் பிரித்துக் கோத்தவர். சத்தத்தை வைத்தே கோளாறைச் சொல்லிவிடுவார். புது வண்டிகள் வந்தபோது சத்தம் குறைந்துபோனது. அவரைத் தேடி வருகிறவர்களும் குறைந்தார்கள். ஒருநாள் பிலோமினாவின் வாசலில் வந்து நின்று, "எனக்குச் சொல்லித் தருவீங்களா டீச்சர்?" என்று கேட்டார்.

பிலோமினா ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, "உக்காருங்க ரங்கண்ணே" என்றார்.

அதற்கப்புறம் நாலு மாதம் ஆகியிருந்தது. ஒரு வியாழக்கிழமை காலை, பிலோமினா ஒரு காரில் ஸ்கேனரை மாட்டி, திரையில் வந்த பிழைகளை ஒவ்வொன்றாக நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார். பொன்னுரங்கம் பக்கத்தில் நின்று பார்த்தார்.

"ஒண்ணு கேக்கலாங்களா டீச்சர்?"

"கேளுங்க."

"எல்லாத்தையும் அழிச்சு விட்டா கம்ப்யூட்டர் புதுசாயிடுது. வண்டி சொன்ன பேச்சு கேக்குது. பாதி வண்டிக அதுலயே சரியாயிடுதுங்க. அப்புறம் எதுக்கு இப்படி உக்காந்து எழுதணும்?"

பிலோமினா கடைசி வரியையும் எழுதி முடித்துப் பேனாவை மூடினார்.

"பார்ட்ஸ் கடைக்குப் போயிட்டு வர்றேன். நான் வர்ற வரைக்கும் எந்த வண்டியிலயும் எதையும் அழிக்க வேண்டாம்" என்றார்.

கேள்விக்கு அதுதான் பதிலா என்று பொன்னுரங்கத்துக்கு விளங்கவில்லை.

மதியம் இரண்டு மணி இருக்கும். ஒரு வெள்ளை டாக்ஸி வந்து நின்றது. ஓட்டி வந்தவர் போஜன், கோத்தகிரிக்குப் பக்கத்தில் படகர்கள் வாழும் ஊரான ஒரு ஹட்டியைச் சேர்ந்தவர். பின்சீட்டில் அவர் மனைவி மாதி சாய்ந்து கிடந்தார். வாரத்துக்கு இரண்டு நாள் கோயம்புத்தூரில் அவருக்கு டயாலிசிஸ். அன்றைக்கும் அது முடிந்து திரும்பிக்கொண்டிருந்தார்கள்.

"வண்டி இழுக்கவே மாட்டேங்குது மேஸ்திரி. பத்து நாளா இப்படித்தான். எவ்வளவு மிதிச்சாலும் மாட்டு வண்டி மாதிரி போகுது. மலை ஏற ரெண்டு மணி நேரம் ஆகுது. அதுவரைக்கும் இவளால உக்கார முடியல."

"டீச்சர் இப்ப வந்துடுவாங்க. ஒரு அரை மணி நேரம் இருங்க."

மாதி கதவைத் திறந்து குனிந்து குமட்டினார். எதுவும் வரவில்லை. போஜன் அவர் நெற்றியைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்களே பாருங்க மேஸ்திரி" என்றார்.

பொன்னுரங்கம் ஸ்கேனரை மாட்டினார். திரையில் ஒரே ஒரு பிழை நின்றது. ஆக்சிலேட்டர் மிதியில் இரண்டு சென்சார்கள். இரண்டும் சொல்லும் கணக்கு ஒத்துப்போகவில்லை என்று இருந்தது. அவர் மிதியைக் கையால் மெதுவாக அழுத்திப் பார்த்தார். கணக்கு ஒத்துத்தான் போனது.

பின்சீட்டிலிருந்து மறுபடியும் குமட்டும் சத்தம் கேட்டது.

பொன்னுரங்கம் அழிக்கும் பொத்தானை அழுத்தினார்.

வண்டியைக் கிளப்பிக் கொஞ்ச தூரம் போஜனோடு ஓட்டிப் பார்த்தார். மிதித்ததும் பாய்ந்தது. போஜனின் முகம் மாறியது. "புது வண்டி மாதிரி இருக்குதுங்க" என்றார். பொன்னுரங்கத்தின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். இரண்டு வருடமாக அப்படி யாரும் அவர் கையைப் பிடித்ததில்லை.

டாக்ஸி மலைப்பக்கம் போய் இருபது நிமிடம் கழித்துப் பிலோமினா வந்தார். பொன்னுரங்கம் நடந்ததைச் சந்தோஷமாகவே சொன்னார்.

பிலோமினா கையிலிருந்த பையைக் கீழே வைக்கவில்லை.

"என்ன பிழை இருந்தது?"

"மிதிதாங்க. ரெண்டு சென்சார் ஒத்துப்போகலைன்னு காட்டுச்சு. நான் அழுத்திப் பார்த்தேன், சரியாத்தான் இருந்தது."

"முழுசா அழுத்திப் பார்த்தீங்களா?"

"பாதி வரைக்கும்."

"ஒயரைப் பார்த்தீங்களா?"

"இல்லைங்க."

"அவர் நம்பர் இருக்கா?"

இருந்தது. கூப்பிட்டார்கள். தொடர்பு எல்லைக்கு வெளியே இருப்பதாகச் சொன்னது. மறுபடியும் கூப்பிட்டார்கள். அதையே சொன்னது.

"வேனை எடுங்க" என்றார் பிலோமினா.

வேன் மலையேறத் தொடங்கியது. பொன்னுரங்கம்தான் ஓட்டினார்.

"டீச்சர், என்ன ஆகுங்க?"

"மிதி சொல்றதை நம்ப முடியலைன்னா கம்ப்யூட்டர் இன்ஜினை அடக்கி வச்சிரும். பத்து நாளா அடக்கித்தான் வச்சிருந்தது. அதனால அவரும் மெதுவாவே போனார், யாரையும் முந்தல."

"இப்ப?"

"இப்ப வண்டி இழுக்குதுன்னு அவர் நம்பிட்டிருக்கார். முழுசா மிதிக்கிற இடத்துல மறுபடியும் கணக்கு தப்பினா, அந்த நிமிஷமே கம்ப்யூட்டர் இன்ஜினை மறுபடி அடக்கிரும், வண்டி இழுக்காது."

பொன்னுரங்கம் வளைவில் கியரை மாற்றினார். எதிரே வந்த ஒவ்வொரு வண்டியின் முகத்தையும் பார்த்தார். யாராவது கை காட்டி நிறுத்தச் சொல்வார்களா என்று பார்த்தார். யாரும் சொல்லவில்லை. குஞ்சப்பனை ஊர் தாண்டியது. பாக்குத் தோப்புகள் தாண்டின. ஓரிடத்தில் வண்டிகள் வரிசையாக நிற்பது தெரிந்தது. ஆட்கள் இறங்கி மேலே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பொன்னுரங்கம் வேனை அப்படியே ஓரத்தில் விட்டுவிட்டு ஓடினார்.

வளைவுக்குக் கொஞ்சம் முன்னால், ரோட்டின் தப்பான பக்கத்தில் குறுக்காக நின்றது வெள்ளை டாக்ஸி. மேலிருந்து இறங்கிய பஸ் அதன் பின்கதவுக்கு நேராக நின்றது. பஸ்ஸுக்கும் கதவுக்கும் நடுவே ஒரு சாண் இடம் இருந்தது. தார் ரோட்டில் டயர் தேய்ந்த கருப்புக் கோடு நீளமாகக் கிடந்தது.

மாதி ரோட்டோரக் கட்டைச் சுவரில் உட்கார்ந்திருந்தார். யாரோ ஒரு பெண் அவருக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தாள். அடி ஏதும் இல்லை. பொன்னுரங்கம் பஸ்ஸின் பக்கவாட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

பஸ் டிரைவர் போஜனைத் திட்டிக்கொண்டிருந்தார்.

"லாரியை முந்துற இடமாய்யா இது? முந்துறவன் மிதிச்சுப் போக வேண்டியதுதானே? நடு ரோட்டுல நிறுத்துறே. உன் வண்டி நம்பரை எடுத்துட்டேன். ஸ்டேஷன்ல எழுதிக் குடுக்கறேன். நீ இனிமே லைசென்ஸோட இந்த மலைல ஏற மாட்டே."

போஜன் கைகூப்பினார். "என் தப்புதாங்க. கியரைச் சரியா மாத்தலை போல இருக்குது. அவசரப்பட்டுட்டேன். மன்னிச்சிருங்க."

பிலோமினா ஸ்கேனரோடு டாக்ஸிக்குள் ஏறினார். கொஞ்ச நேரத்தில் இறங்கி வந்து, ஸ்கேனரைப் பொன்னுரங்கத்தின் கையில் கொடுத்தார். அதே பிழை திரையில் நின்றது.

"இங்க யாருக்கும் இதைப் பத்தித் தெரியாது" என்றார் பிலோமினா தாழ்ந்த குரலில். "அவரும் தன் தப்புன்னு நினைச்சிட்டிருக்கார். அழிச்சிட்டா எதுவும் இருக்காது. அழிக்கறதுன்னா அழிச்சிருங்க."

பொன்னுரங்கம் அவர் முகத்தைப் பார்த்தார். அந்த முகத்தில் அவரால் எதையும் படிக்க முடியவில்லை. பிலோமினா திரும்பி மாதியிடம் போய்விட்டார்.

பொத்தான் கட்டைவிரலுக்குக் கீழேயே இருந்தது. போஜன் இன்னும் கைகூப்பியபடி நின்றார். ஒரு பயணி அவரைப் போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தார்.

பொன்னுரங்கம் ஸ்கேனரைத் தூக்கிப் பிடித்தபடி பஸ் டிரைவரிடம் போனார்.

"ஐயா, அவரைத் திட்டாதீங்க. வண்டியை ரெண்டு மணிக்கு நான்தான் பார்த்தேன். மிதியில பிழை இருக்குன்னு இது காட்டுச்சு. என்னன்னு பார்க்காம அழிச்சுட்டு, சரியாயிடுச்சுன்னு சொல்லி அனுப்பிட்டேன். எழுதிக் குடுக்கறதா இருந்தா என் பேரை எழுதுங்க. பொன்னுரங்கம்."

பஸ் டிரைவர் அவரையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு பஸ்ஸை நோக்கி நடந்தார்.

போஜன் கையை இறக்கினார். மதியம் தான் பிடித்த பொன்னுரங்கத்தின் கையை இப்போது பார்த்தார்.

"எங்ககிட்டச் சொன்னது போதாது. அவகிட்டப் போய்ச் சொல்லுங்க" என்றார்.

கட்டைச் சுவர் பத்தடி தூரத்தில் இருந்தது. பொன்னுரங்கம் போய் மாதியின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். முதலிலிருந்து மறுபடியும் சொன்னார். மாதி கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"இப்ப சரியாயிடுச்சா?" என்று கேட்டார்.

"இல்லைங்கம்மா. எங்க கோளாறுன்னு இன்னும் தெரியல. இனிமேதான் பார்க்கணும்."

"அப்ப பாருங்க" என்றார் மாதி.

டாக்ஸியை ஓரத்துக்குத் தள்ளினார்கள். பஸ் இறங்கிப் போனது. பிலோமினா போஜனையும் மாதியையும் வேனில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுபோனார். பொன்னுரங்கம் டாக்ஸியோடு தனியாக இருந்தார்.

அவர் டிரைவர் கால் வைக்கும் இடத்தில் தலையை நுழைத்து மல்லாந்து படுத்து, டார்ச் அடித்து, மிதியிலிருந்து மேலே போகும் ஒயரை விரலால் தடவிக்கொண்டே போனார். ஒரு முழத்துக்குள் விரலில் சொரசொரவென்று பட்டது. எலி கடித்திருந்தது. இரண்டு ஒயர்களின் மேல்தோல் போய்ச் செம்பு தெரிந்தது. மிதியை முழுசாக அழுத்தும்போது மட்டும் ஒன்றோடொன்று உரசின. பாதி அழுத்தினால் உரசவில்லை.

இன்னொரு தடவை மிதியை அழுத்தி, அவை உரசுவதைப் பார்த்தார்.

பிறகு ஒயர்களை டேப்பால் தனித்தனியாகச் சுற்றிக் கட்டினார். மிதியை அடிவரைக்கும் அழுத்தித் திரையைப் பார்த்தார். இரண்டு கணக்கும் ஒத்துப்போயின. மறுபடியும் அழுத்தினார். நாற்பது, ஐம்பது தடவை அழுத்தியிருப்பார்.

பிலோமினா திரும்பி வந்தபோது மலையில் மஞ்சு இறங்கத் தொடங்கியிருந்தது. குனிந்து ஒயரைப் பார்த்தார். டேப்பை இழுத்துப் பார்த்தார்.

"அழிச்சிட்டீங்களா?"

"இல்லைங்க டீச்சர். அப்படியே வச்சிருக்கேன்."

"இப்ப அழிங்க. அவங்க அடுத்து இறங்கறப்ப புது ஒயர் போட்டுறலாம்."

பொன்னுரங்கம் அழித்தார். டாக்ஸியை அவரே ஹட்டிக்கு ஓட்ட, பிலோமினா வேனில் எட்டப் பின்னால் வந்தார். நேரான இடம் வந்தபோது, முன்னாலும் பின்னாலும் வேறு வண்டி இல்லை என்று பார்த்துக்கொண்டு பொன்னுரங்கம் மிதியை அடிவரைக்கும் அழுத்தினார். வண்டி ஏற்றத்தில் சீராகப் பாய்ந்தது. மூன்று இடங்களில் அப்படிச் செய்து பார்த்தார்.

ஹட்டியில் போஜன் சாவியை வாங்கிக்கொண்டார். நன்றி எதுவும் சொல்லவில்லை. தானே ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து, "திங்கக்கிழமை இறங்குவோம். வழியில ஒரு தடவை பார்த்துருங்க" என்றார்.

"பார்க்கறேனுங்க."

இறங்கும்போது வேனைப் பிலோமினா ஓட்டினார். அந்த இடம் வந்தது. கருப்புக் கோடு இன்னும் கிடந்தது. தாண்டி இரண்டு வளைவு போனதும் பொன்னுரங்கம் கூப்பிட்டார்.

"டீச்சர்."

"சொல்லுங்க."

"கண்ணை மூடினா அந்த ஒரு சாண் இடந்தாங்க தெரியுது. பஸ்ஸுக்கும் கதவுக்கும் நடுவுல. அது என் மனசை விட்டு எப்பங்க அழியும்?"

பிலோமினா அடுத்த வளைவில் ஹாரன் அடித்துத் திரும்பினார். வண்டி நேரானதும் சொன்னார்.

"எதுக்கு அழியணும் ரங்கண்ணே?"