ஏரி தொட்ட பாதம்

"நீங்க அரசர்கிட்ட ஒரு தடவையாவது சிரிப்பு மூட்டாம ஏதாவது கேட்டிருக்கீங்களா?"

முக்காலியில் ஏறி நின்று தொட்டில் கயிற்றை அவிழ்த்துக்கொண்டே கோதை இப்படிக் கேட்டாள். கீழே குழந்தையைத் தோளில் சாய்த்தபடி நின்றிருந்தார் அவள் கணவர் மருதநம்பி.

"சிரிக்க வைக்காம பேசினா, பேசறது யாருன்னே அவருக்குத் தெரியாதே கோதை."

"விளையாடாதீங்க. மழை வரப்போகுது. வருஷா வருஷம் இந்தக் கயித்தைக் குட்டையாக்கி, தொட்டிலை மேல ஏத்திக் கட்டறேன். இதுக்கு மேல விட்டம்தான் இருக்கு."

மருதநம்பி விட்டத்தை அண்ணாந்து பார்த்தார். குழந்தையின் முதுகைத் தட்டிக்கொண்டு நின்றார்.

இது முன்னொரு காலத்தில் நடந்தது. அரசர் ஆசைப்பட்டால் ஆறுகூடத் தலையாட்டும் என்று அமைச்சர்கள் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. அந்த நாட்டின் தலைநகருக்குப் பக்கத்தில் ஒரு பெரிய ஏரி. ஊர் குடித்ததும் வயல் விளைந்ததும் அந்தத் தண்ணீரால்தான். நிரம்பி மிஞ்சும் நீர் வெளியே போவதற்குக் கரையில் கலிங்கு என்று ஒரு வாய் வைத்திருந்தார்கள். வரிசையாகக் கல் தூண்கள், நடுவே இடைவெளிகள். அதன் வழியே வழிந்த நீர் ஓர் அகன்ற ஓடையில் இறங்கி ஆற்றுக்குப் போய்விடும்.

போய்க்கொண்டிருந்தது என்று சொல்ல வேண்டும். காய்ந்து கிடந்த ஒரு கோடையில் அரசியார் அந்த ஓடையின் நடுவே ஒரு மகிழங்கன்றை நட்டார். அதைச் சுற்றி ஒரு தோட்டம் வந்தது. அரசியார் இறந்த பிறகு, அரசர் தோட்டத்தைச் சுற்றி உயரமான மதில் எழுப்பினார். அதுமுதல் மிஞ்சிய நீர் மதிலில் மோதித் திரும்பி, மருதநம்பி குடியிருந்த கீழ்க்கரைத் தெருவுக்குள் புகுந்தது.

மதில்தான் காரணம் என்று எல்லாருக்கும் தெரியும். ஆனால் அரசர் மாலைதோறும் அந்த மகிழ மரத்தடியில் தனியாகப் போய் உட்காருவார். அவரிடம் போய் அந்த மதிலை இடியுங்கள் என்று எப்படிச் சொல்வது? மருதநம்பி அரசவையின் விகடர். ஒவ்வொரு முறையும் அரசர் வயிறு குலுங்கச் சிரித்துவிட்டு, "என்ன பரிசு வேண்டும்?" என்று கேட்கும்போது, மதில் என்ற சொல் இவர் நாக்கு நுனி வரை வரும். அரசரின் கண்ணைப் பார்த்ததும் உள்ளே போய்விடும். "அரண்மனைப் பூனைக்கு இன்னும் ஒரு கிண்ணம் பால், அரசே" என்பார். சபை மறுபடி சிரிக்கும்.

அந்த ஆண்டு மழைக்கு முன்பு அரசருக்கு ஓர் ஆசை வந்தது. மயில் வடிவில் ஒரு படகு செய்திருந்தார்கள். அது அரண்மனைப் படிக்கட்டு வரை மிதந்து வர வேண்டும். அரண்மனைக்குள்ளிருந்தே கால் எடுத்து அதில் வைக்க வேண்டும். என்றோ ஒருநாள் அரசியாருக்குக் கொடுத்த வாக்கு அது. அதற்கு ஏரி இன்னும் உயர வேண்டும். கலிங்கின் இடைவெளிகளைப் பலகையும் களிமண்ணும் வைத்து அடைக்கச் சொன்னார்.

நீர்ப்பணித் தலைவர் ஈசானர் எழுந்தார். "அரசே, மழை ஓய்ந்த பிறகு பலகை வைத்துத் தேக்கினால் கோடைக்கு உதவும். மழைக்கு முன்பு ஏரியில் இடம் விட்டு வைக்க வேண்டும். இப்போதே நிரப்பிவிட்டால் வருகிற வெள்ளத்தை எங்கே வைப்பது?"

"அரசரின் ஆசைக்கு இல்லாத இடம், வராத வெள்ளத்துக்கு இருக்கிறதோ?" என்றார் அமைச்சர் மாதவராயர். சபை ஆகா என்றது.

மருதநம்பி எழுந்தார். "அரசே, ஈசானர் சொல்வது உண்மை. கரை தாங்காது."

சபையே வெடித்துச் சிரித்தது. அரசர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அப்படியே ஈசானர்! அதே முகம், அதே குரல்!"

"நான் நடிக்கவில்லை, அரசே."

இன்னும் பலமாகச் சிரித்தார்கள்.

மாதவராயருக்கு இதைவிட நல்ல வேளை கிடைக்குமா? "மன்னர் மன்னவா, ஏரியின் மேல் இவ்வளவு அக்கறை உள்ள விகடரையே கலிங்குக்குக் காவல் வைப்போம். ஏரி நீர் தங்கள் திருப்பாதத்தைத் தொடும்வரை ஒரு பலகையும் அசையக் கூடாது. அசைந்தால் அவர் தலை நமக்குச் சொந்தம்."

"அந்தத் தலையை வைத்துக்கொண்டு நீர் என்னய்யா செய்வீர்? சிரிக்கக்கூட உமக்குத் தெரியாதே!" என்று அரசர் விளையாட்டாகச் சொல்லி, ஒப்புதல் அளித்தார். ஊரெங்கும் முரசறைந்து சொன்னார்கள்.

மழை வந்தது. மேட்டிலிருந்த ஏரிகள் ஒவ்வொன்றாக நிரம்பி, மிஞ்சியதெல்லாம் இங்கே இறங்கியது. ஒரு காலை ஈசானர் மருதநம்பியைக் கரையின் அடிவாரத்துக்குக் கூட்டிப்போனார். அங்கே கல்லிடுக்கில் நீர் கசிந்துகொண்டிருந்தது.

"கரை கசிவது புதிதில்லை, நம்பி. தெளிவாகக் கசிந்தால் பயமில்லை. இதைப் பாருங்கள். செம்மண்ணாகக் கலங்கி வருகிறது. தண்ணீர் கரையை உள்ளேயிருந்து தின்கிறது."

"அரண்மனைப் படியை எப்போது எட்டும்?"

"எட்டாது. அதற்கு முன்பே கரை போய்விடும். பலகைகளை எடுத்தால் கரை பிழைக்கும். ஆனால் நீங்கள்..." அவர் பார்வை மருதநம்பியின் தலையில் போய் நின்றது.

கீழே கீழ்க்கரைத் தெரு தெரிந்தது. தன் வீட்டுக் கூரையை மருதநம்பி கண்டுபிடித்தார். இதுக்கு மேல விட்டம்தான் இருக்கு என்ற கோதையின் குரல் மழைச் சத்தத்துக்கு நடுவிலும் கேட்டது.

"ஈசானரே, ஒரு குடம் கொடுங்கள். அரண்மனை மணி அடித்தால் எல்லாப் பலகைகளையும் எடுத்துவிடுங்கள்."

சொட்டச் சொட்ட நனைந்து, தலையில் குடத்தோடு அவர் நுழைந்ததுமே சபை சிரிக்கத் தொடங்கிவிட்டது.

"என்ன விகடரே, தண்ணீர் விற்கக் கிளம்பிவிட்டீரோ?" என்றார் மாதவராயர்.

மருதநம்பி நேரே சிங்காசனத்தின் முன்னால் போய் மண்டியிட்டார். அரசரின் பாதங்களைப் பிடித்து, கல்யாணத்தில் பெண்ணைப் பெற்றவர் மாப்பிள்ளைக்குச் செய்வதுபோல, குடத்து நீரை மெல்ல ஊற்றிக் கழுவினார்.

"அரசே, ஏரி நீர் தங்கள் பாதத்தைத் தொட்டுவிட்டது. பலகைகளை எடுக்கலாம் அல்லவா? அரண்மனை மணி அடித்தால் போதும், ஈசானர் எடுத்துவிடுவார்."

"மோசடி!" மாதவராயர் குதித்தார். "ஏரிதான் வர வேண்டும், குடம் அல்ல!"

"ஏரி நீர் தொட வேண்டும் என்றுதானே முரசறைந்தீர்கள்? எதில் ஏறி வர வேண்டும் என்று சொல்லவில்லையே. மேலும், ஏரி தானாகப் புறப்பட்டால் தனியாக வராது அமைச்சரே. உங்கள் மாளிகையையும் கூட்டிக்கொண்டு வரும்."

அரசர் தூணெல்லாம் எதிரொலிக்கச் சிரித்தார். சிரித்துக்கொண்டே குனிந்து பாதத்தைப் பார்த்தவர் சட்டென்று நிறுத்தினார். விரலிடுக்குகளில் செம்மண் படிந்திருந்தது.

"ஏரித் தண்ணீர் இப்படிச் சிவப்பாகவா இருக்கும்?"

"ஏரிக்குள் இருக்கும் வரை இராது, அரசே. இது கரையைத் துளைத்துக்கொண்டு வந்த நீர். தங்கள் பாதத்தில் இருப்பது கரையின் மண்."

அரசர் விரலால் அந்த மண்ணைத் தொட்டுப் பார்த்தார். "மணியை அடியுங்கள்!" என்று கத்தினார்.

மணி ஒலித்தது. சற்று நேரத்தில் தூரத்தில் கலிங்கு இரைவது சபைக்குள் கேட்டது. கரை பிழைத்துவிட்டது. எல்லாரும் நிம்மதியாக மூச்சுவிட்டார்கள், மருதநம்பியைத் தவிர. அந்த இரைச்சல் எங்கே போகிறது என்று அவருக்குத் தெரியும். ஓடையில் இறங்கும், மதிலில் மோதும், திரும்பும்.

"என் ஊரைக் காப்பாற்றினாய் நம்பி," என்று அரசர் மறுபடி சிரித்தார். "என்ன வேண்டுமோ கேள். இந்தத் தடவை பூனைக்குப் பால் என்று ஏமாற்றக் கூடாது."

சபை சிரிக்கத் தயாராக இருந்தது. சிலர் முன்கூட்டியே சிரித்துவிட்டார்கள். மருதநம்பி குடத்தைக் கீழே வைத்தார். அரசர் அவர் முகத்தில் வேடிக்கையைத் தேடினார். வெகுநேரம் தேடினார். பிறகு அவர் சிரிப்பும் மெல்ல அடங்கியது.

"அரசே," என்றார் மருதநம்பி. "எங்கள் தெருவில் மழைக்காலம் வந்தால் தாய்மார்கள் தொட்டிலை உயரக் கட்டுவார்கள். என் வீட்டில் இனி உயர்த்த இடமில்லை. அரசியார் நட்ட மரம் நிற்கட்டும். அந்த மதிலை இப்போதே இடிக்கச் சொல்லுங்கள். தண்ணீருக்கு அதன் வழியைக் கொடுத்துவிடுங்கள்."